தடையை மீறியவர், தடை போட்டவர்: நம்ம ஜில்லா ராஜாஜி

இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்



இந்த ஆண்டு மலரில் நம் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பேரவையில் என்னிடம் சொன்னார்கள். நான் உடனே ராஜாஜி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் எங்க பாட்டி. திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துக்கு அவங்க அம்மா ராட்டையில் நூல் நூற்றுக் கொடுத்துக் கூலி வாங்கியவங்க. அந்த ஆசிரமத்தை நடத்திய கறுப்புக் கண்ணாடிக்காரர் பற்றி பாட்டி கதை கதையாகச் சொல்லுவாங்க. சுலபமான தலைப்பு, நாலு பக்கம் புகழ்ந்து எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க, அது அவ்வளவு சுலபம் இல்லை என்று புரிந்தது. ஏன் என்று சொல்லுகிறேன்.

தொரப்பள்ளியில் இருந்து சேலத்துக்கு

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூர் அருகே தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று சேலம் ஜில்லா. அப்பா அந்த ஊர் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு, சென்னையில் சட்டம் முடித்து, 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார். நல்ல வருமானம். 1917இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார், 1919 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

பாலிடெக்னிக் மாணவர்களான நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1916இல் சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ராஜாஜியும் ஒருவர். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியலைத் தமிழில் எளிமையாக எழுதியவரும் அவர்தான். தமிழில் படித்து வந்து, முதலாண்டில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து முழித்த என்னைப் போன்றவர்களுக்கு இது மனசைத் தொடுகிற விஷயம்.

கூட்டம் போடக்கூடாது, கடையடைக்கக்கூடாது!

1919 மார்ச் மாதம் வெள்ளைக்கார அரசு ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தது. சந்தேகத்தின் பேரில் யாரையும் விசாரணை இல்லாமல் இரண்டு வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்பது அதன் சாரம். வக்கீல், வாதம், அப்பீல் எதற்கும் இடம் இல்லை. அந்தச் சமயம் காந்தியடிகள் சென்னைக்கு வந்து ராஜாஜி வீட்டில்தான் தங்கினார். நாடு முழுக்க ஒரு நாள் வேலையை நிறுத்தி, கடையை அடைத்து, நோன்பு இருப்பது என்ற யோசனை காந்திக்கு அந்த வீட்டில் ஒரு விடியற்காலையில் தோன்றியது. அதை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். ஏப்ரல் 6 அன்று ஹர்த்தால் நடந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13, அமிர்தசரஸில் கூட்டத்துக்குத் தடை இருந்தபோது கூடிய மக்கள் மேல் ஜாலியன்வாலாபாக்கில் துப்பாக்கிச் சூடு. தடை உத்தரவு என்ற காகிதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாடு பார்த்தது.

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் ராஜாஜி வக்கீல் தொழிலை உதறினார். கோர்ட்டைப் பகிஷ்கரிக்கச் சொல்லிவிட்டு, தானே கோர்ட்டுக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாது இல்லையா? 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போய் 1922 மார்ச்சில் வெளியே வந்தார். 1925இல் புதுப்பாளையத்தில், ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் கொடுத்த நிலத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றும்தான் அங்கே வேலை. கல்கி அவர்கள் அங்கே தங்கி, 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் ராஜாஜிக்கு உதவியாக இருந்தார்.

சோறு போட்டால் சிறை

இனி வருவதுதான் நான் ரொம்ப ரசித்துப் படித்த பகுதி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டில் இருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். தூரம் சுமார் 240 கிலோமீட்டர். நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் நம்ம நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற ஆங்கிலேயர். அவர் நடப்பவர்களை வழியில் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! போராடுகிறவனைத் தொடாமல், அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவனைப் பயமுறுத்துவது. ஆனால் நடந்தது என்ன? ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைப் போகிற வழியில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?

வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர் ஒருவர். ஒரு ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், அந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை மடக்கி வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். கையில் இருந்த தொழிலே அவருக்கு ஆயுதம் ஆனது. 'பாய்காட்' என்ற சொல்லே 1880இல் அயர்லாந்தில் பாய்காட் என்ற நிலக்குத்தகை ஏஜெண்டுக்கு ஊரே வேலை செய்ய மறுத்ததில் இருந்து பிறந்தது. ஒருவனை அடிக்காமல், அவனுக்கு நான் உழைக்க மாட்டேன் என்று சொல்லுவதுதான் பகிஷ்காரம்.

ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளினார். கைதானார். ஆறு மாதச் சிறைத் தண்டனை.

மறியலுக்கென்றே ஒரு சட்டம்

உப்புச் சத்தியாக்கிரகம் முழுக்க மறியலும் பகிஷ்காரமும்தான். கள்ளுக்கடை முன்னால் மறியல், அந்நியத் துணிக்கடை முன்னால் மறியல். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தபோது, பிரிட்டிஷ் சரக்குகளை அரசியல் ஆயுதமாகப் பகிஷ்கரிப்பதைக் காங்கிரஸ் கைவிட வேண்டியிருந்தது. அமைதியான மறியலுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அந்தச் சமாதானம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. 1932 ஜனவரி தொடக்கத்தில் காந்தி கைதானார். அதோடு நாலு அவசரச் சட்டங்கள் வந்தன. அதில் ஒன்றின் பெயரிலேயே தொந்தரவு தடுப்பு, பகிஷ்காரத் தடுப்பு என்ற இரண்டும் இருந்தன. அந்த ஆண்டும் ராஜாஜி சிறைக்குப் போனார்.

அவசரச் சட்டம் என்பது ஆறு மாதம்தான் செல்லும். அதனால் 1932 முடிவதற்குள் இவற்றின் முக்கியப் பகுதிகளைச் சேர்த்துக் குற்றச்சட்டத் திருத்தச் சட்டம் என்று நிறைவேற்றினார்கள். அதில் ஏழாவது பிரிவை மட்டும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய வீட்டின் முன்போ வேலை செய்யும் இடத்தின் முன்போ நின்று, அவர் போவதைத் தடுத்தாலோ, வருகிறவர்களின் மனசை மாற்றும்படி சுற்றித் திரிந்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையைத் தூக்க வேண்டியதில்லை, கல்லை எறிய வேண்டியதில்லை. அங்கே நின்றாலே போதும்.

முதலில் மூன்று வருஷத்துக்கு என்று போட்ட சட்டம் அது. 1935இல் அதை நீட்டிக்கக் கொண்டுவந்த மசோதாவை மத்திய சட்டசபையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்த்து ஓட்டுப்போட்டு, மசோதா தோற்றது. வைஸ்ராய் தன் தனி அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். இப்படிப்பட்ட அடக்குமுறைச் சட்டங்களை ஒழிப்போம் என்று சொல்லித்தான் காங்கிரஸ் தேர்தலில் நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்லுவார்கள். அவர் நல்லது நிறையச் செய்தார். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதலில் வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான். விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்க 1938இல் சட்டம் போட்டார். 1939இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார்.

ஆனால் 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடம் என்று அரசாணை வந்தது. தமிழ்நாடு கொதித்தது. ஜூன் மாதம் முதல் சென்னையில் பள்ளிக்கூடத்தின் முன்னாலும் ராஜாஜி வீட்டின் முன்னாலும் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். கொடி பிடித்தார்கள், கோஷம் போட்டார்கள், கைதானார்கள்.

எந்தச் சட்டத்தில் கைது செய்தார்கள் தெரியுமா? அதே குற்றச்சட்டத் திருத்தச் சட்டம். அதே ஏழாவது பிரிவு. காங்கிரஸ் தொண்டர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் செய்த சட்டம்!

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் அதிகார வெறி என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மரத்தில் தொங்கிய சோற்றைச் சாப்பிட்டு நடந்தவர் அல்லவா இவர்?

சுமார் 1,200 பேர் கைதானார்கள். அதில் 73 பெண்கள். தாய்மார்களோடு சிறைக்குப் போன குழந்தைகள் 32. பெரியாருக்கு ஓராண்டு கடுங்காவல் தண்டனை கொடுத்து பெல்லாரிக்கு அனுப்பினார்கள். அண்ணாவுக்கு நாலு மாதம். 1939 ஜனவரியில் நடராசன் என்ற இளைஞரும், மார்ச்சில் தாளமுத்து என்பவரும் சிறைவாசத்தின்போதே நோயுற்று இறந்தார்கள். சென்னை எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை என்று இருக்கிறதே, அது இவர்கள் பெயரில்தான்.

ராஜாஜியின் கட்சியிலேயே எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. சத்தியமூர்த்தி அவர்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக்கூடாது என்றும், விரும்பாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்றும் காந்திக்கு எழுதினார். ராஜாஜி அசையவில்லை. வீட்டின் முன் நின்று தொந்தரவு செய்வதை எந்த அரசும் பொறுக்காது, கையில் இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துவதில் என்ன தப்பு என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மக்கள் ஓட்டுப்போட்டு வந்த அரசு வேறு, அந்நிய அரசு வேறு என்று அவர் நம்பினார்.

1939 அக்டோபரில், கேட்காமலே இந்தியாவை உலகப் போரில் சேர்த்ததைக் கண்டித்துக் காங்கிரஸ் அரசுகள் விலகின. 1940 பிப்ரவரி 21 அன்று கட்டாய இந்தி ஆணை ரத்தானது. ரத்து செய்தது வெள்ளைக்கார கவர்னரின் ஆட்சி. இதைவிட வேடிக்கை சரித்திரத்தில் உண்டா?

தறிக்குழியும் அரை நாள் பள்ளியும்

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். பிறகு மத்திய உள்துறை அமைச்சராக, விசாரணை இல்லாமல் காவலில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை 1951இல் நீட்டித்தவரும் அவர்தான். ரௌலட் சட்டத்தை எதிர்த்த அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். 1952இல் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார்.

1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்று. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். மிச்ச நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பணமும் வாத்தியாரும் பற்றாக்குறை, ஷிப்ட் முறையில் வைத்தால் இன்னும் நிறையப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி.

நான் தறிக்காரர் மகன். எங்க தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்தவர், அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் எங்க குடும்பத்துப் பிள்ளைகளின் மிச்ச நேரம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊர் ஊராகக் கூட்டம், மறியல், கைது. ராஜாஜி கட்சியில் இருந்தே எதிர்ப்பு. 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. யாரோ முகம் தெரியாதவர்கள் மறியல் செய்து உள்ளே போனதால்தான் இன்று நான் லேத் பட்டறையில் ரெக்கார்டு நோட்டோடு நிற்கிறேன் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

மறுபடியும் எதிர்ப்பக்கம்

கதை இன்னும் முடியவில்லை. ராஜாஜி காங்கிரஸை விட்டு விலகி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே மனிதர், இப்போது இந்தியே ஆட்சிமொழி என்பதைக் கடுமையாக எதிர்த்தார்! 1965 ஜனவரியில் தமிழ்நாட்டு மாணவர்கள் கிளர்ந்தபோது, நம் வயசுப் பிள்ளைகள் வகுப்பைப் பகிஷ்கரித்து வீதிக்கு வந்தபோது, அரசு தடியும் துப்பாக்கியும் எடுத்தது. அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் வரை செத்தார்கள். அப்போது எண்பத்தாறு வயது ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்கள் பக்கம் நின்றார். 1967இல் அண்ணாவோடு கூட்டணியும் வைத்தார். அந்த அண்ணாவைத்தான் 1938இல் அவருடைய அரசு சிறையில் போட்டது. 1972 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் ராஜாஜி காலமானார்.

என் கதையும் கொஞ்சம்

இதையெல்லாம் படித்தபின் ராஜாஜியைத் திட்டி எழுத என் பேனா ஓடவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் பஸ் நேரம் மாற்றியதற்காக நாம் ஒரு நாள் வகுப்பைப் புறக்கணித்தோம். நியாயமான கோரிக்கை. கிராமத்தில் இருந்து வருகிற நமக்கு முதல் பீரியடே கிடைக்காமல் போனது. அட்மிஷன் அன்று, எந்த ஸ்ட்ரைக்கிலும் கலந்துகொள்ள மாட்டான் என்று எழுதிய தாளில், எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுகிற எங்கப்பா வியர்க்க வியர்க்கக் கையெழுத்துப் போட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. பயத்தோடுதான் நின்றேன். ஆனாலும் நின்றேன். அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அன்று கேட்டில் நின்ற ஆட்களில் நானும் ஒருத்தன். முதலாண்டுப் பையன் ஒருத்தன் உள்ளே போக வந்தான். வருகைப் பதிவு குறைவு, பரீட்சை எழுத விடமாட்டாங்க, என்னை விட்டுடுங்கண்ணா என்று கெஞ்சினான். நான் குறுக்கே கையை நீட்டினேன். பின்னால் இருந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான். அந்தச் செமஸ்டர் முழுக்க என்னைக் கண்டால் வராந்தாவில் அந்தப் பக்கம் போய்விடுவான்.

நம்ம கோரிக்கை நியாயம், அதனால் நம்ம கை குறுக்கே நீளலாம் என்று நான் நினைத்தேன். நம்ம அரசு மக்கள் அரசு, அதனால் இந்தச் சட்டம் நம்ம கையில் இருக்கலாம் என்று ராஜாஜி நினைத்தார். அளவுதான் வேறு. ஆறு மாதச் சிறை கொடுக்கிற அதிகாரம் என் கையில் இல்லை, அவ்வளவுதான்.

மறியலில் எடுத்துச் சொல்லுவதற்கும் குறுக்கே நிற்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை மதிக்காதவர்கள் இருப்பார்கள் என்பது ராஜாஜி தரப்பில் உள்ள நியாயம். ஆனால் 1932 சட்டம் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. பேசியவனையும் தடுத்தவனையும் ஒரே கயிற்றில் கட்டியது. அப்படிப்பட்ட கயிறு யார் கையில் இருந்தாலும் ஆபத்துதான், தியாகி கையில் இருந்தாலும்கூட.

இன்றைக்கு நமக்கு அரசியல் சட்டம் இருக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை 19ஆவது பிரிவு தருகிறது. அதே பிரிவு, பொது அமைதிக்காக நியாயமான கட்டுப்பாடு போட அரசுக்கு இடமும் தருகிறது. நியாயமான என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய 144 தடை உத்தரவு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163ஆவது பிரிவு என்று எண் மாறியிருக்கிறது. உத்தரவு போடும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. 2018இல் நம்ம சேலத்துப் பக்கம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் தர மறுத்த விவசாயிகள் கைதானதை நாம் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தோம். ஒரு தடை வரும்போது அது நமக்குப் பிடிக்காத கூட்டத்துக்குத்தானே என்று கை தட்டாமல் இருக்கப் பழகவேண்டும். நாளைக்கு அதே உத்தரவு நம் கேட்டிலும் ஒட்டப்படும்.

நம் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. இனி ஒரு நாள் நாம் வகுப்பைப் புறக்கணிக்க நேர்ந்தால், தாராளமாக நிற்போம். தைரியமாகப் பேசுவோம், நோட்டீஸ் கொடுப்போம். ஆனால் கேட்டின் ஒரு கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே போக நினைக்கிறவன் போகட்டும்.

அந்த முதலாண்டுத் தம்பி இப்போது இரண்டாமாண்டு. இந்த மலர் அவன் கைக்கும் வரும். தம்பி, அன்று நான் செய்தது தப்பு.